பதினாலு காலி சீட்டு

அத்தியாயம் 17

அந்த நீலப் பையைப் பற்றிப் போன வாரமே சொல்லியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக இன்னொரு தரம். இரண்டு கை அகலம், ஓரத்தில் ஜிப். உள்ளே ஒரு ஜோடி காலுறை, ஒரு சீப்பு, விரல் நீளத்தில் பற்பசை, வெளிச்சம் படாமல் கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. விமானத்தில் முன்பக்கம் உட்காருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிற சாமான். கடையில் வைத்தால் ஐம்பது ரூபாய்க்குப் போகாது.

அது சிங்காநல்லூர் வீட்டுக்குள் நுழைந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளாகப் பங்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பை அவளிடம் இல்லை, ஓரகத்தி சௌதாமினியிடம் இருந்தது.

அண்ணன் வெங்கடபதி, தம்பி கேசவன். அண்ணன் பெண்டாட்டி பங்காரம்மா, தம்பி பெண்டாட்டி சௌதாமினி. பம்புசெட் செய்கிற குடும்பம். ஒரே கம்பெனி, ஒரே வீடு, கீழே அண்ணன், மாடியில் தம்பி. ஜெர்மனியில் நடந்த கண்காட்சிக்கு அண்ணனும் தம்பியும் பம்பாய் வழியாகப் போனார்கள். ஒரே விலை டிக்கெட், பக்கத்துப் பக்கத்து சீட்டு. திரும்பி வந்தபோது தம்பி பெட்டியிலிருந்து நீலப் பையும், பளபளவென்று ஒரு சாப்பாட்டுப் பட்டியல் அட்டையும் வெளியே வந்தன. அண்ணன் பெட்டியிலிருந்து வந்தது ஒரு கடலைப் பொட்டலம்.

உங்களுக்கு இதெல்லாம் தரலீங்களா என்று பங்காரம்மா அன்றைக்கே கேட்டாள். "நான் தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெங்கடபதி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளிக்கப் போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

பொறாமை நல்ல குணம் இல்லைதான். எனக்கும் தெரியும், பங்காரம்மாவுக்கும் தெரியும். ஆனால் சௌதாமினி அந்தப் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாளா? கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போனாள். கோயிலுக்கு எடுத்துப் போனாள். கீரைக்காரியிடம் சில்லறை கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்று அந்த ஜிப்பை நாலு தரம் திறந்து நாலு தரம் மூடினாள். மூன்றாம் நாள் அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வடகம் காயவைத்தாள். சித்திரை வெயில். காலுறை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு பொம்பளையால் முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, பையை விடுங்கள். இன்றைக்கு வந்திருப்பது பெரிய விஷயம்.

சரவணம்பட்டியில் வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கரில் இன்றைக்குப் பத்தரை மணிக்கு பூமி பூஜை. வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிற பம்புகளுக்கென்று புதுப் பட்டறை. இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூமி பூஜைக்கு மணையில் எந்த ஜோடி உட்காருகிறதோ, அந்தப் பட்டறை அவர்கள் பொறுப்பு. பத்திரத்தில் எழுதியதில்லை, ஆனால் மாறியதும் இல்லை. சிங்காநல்லூர் பட்டறைக்கு மாமனார் உட்கார்ந்தார். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்தத் தடவை மணை அண்ணனுக்குத்தான். அதில் சந்தேகம் இல்லை, அதாவது பதினோரு நாளுக்கு முன்புவரை இல்லை. ஜெர்மனியில் இங்கிலீஷ் பேசியவன் தம்பி. வெள்ளைக்காரனோடு கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டவன் தம்பி. போதாததற்கு, விமானக்காரனே பார்த்துத் தம்பியை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தான் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. புது இடத்துக்குச் சின்னவர்தான் சரி என்று யாரோ சொன்னது பங்காரம்மா காது வரைக்கும் வந்துவிட்டது. அந்த மணை கை நழுவினால் தன் புருஷன் இனிமேல் பேருக்குத்தான் பெரியவர் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

காலையில் ஏழு மணிக்கு ஜபருல்லா வந்தார். ஒப்பணக்காரத் தெருவில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், இவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். பூஜைக்கு வர முடியாது, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் வேலை இருக்கிறது என்று ஒரு பெட்டி இனிப்போடு முன்கூட்டியே வந்துவிட்டார்.

பங்காரம்மா காப்பி கொண்டுவந்தாள். இருக்கட்டுங்கக்கா என்றார். அட, ஒரு வாய் குடியுங்க என்றாள். இப்பத்தானுங்க குடிச்சேன் என்றார். மூன்றாவது தரம் டம்ளரைக் கையிலேயே கொடுத்ததும் அடிவரைக்கும் குடித்து வைத்தார். நம் ஊரில் காப்பி இப்படித்தான் உள்ளே போகும்.

குடித்து முடித்தவர், அண்ணனும் தம்பியும் நல்ல சொகுசாகப் போயிருப்பார்களே என்று ஆரம்பித்தார். பங்காரம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"அன்னிக்கு முன்னால பதினாலு சீட்டு காலிங்கக்கா. பின்னால நெரிசல். ஒருத்தரை முன்னுக்கு மாத்தறதுன்னா எங்க பெரியவரை மாத்துங்கன்னு பம்பாய் ஆபீசுல சொல்லி வெச்சிருந்தேனுங்க. அவரு பேரைத்தான் எழுதிக் குடுத்தேன்."

"யாரு பேரை?"

"பெரியவரு பேரைத்தானுங்க. வேற யாரு பேரை எழுதுவேன்?"

ஜபருல்லா போன பிறகு பங்காரம்மா அந்த வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பதினாலு சீட்டு. எழுதிக் கொடுத்தது புருஷன் பேர். போய் உட்கார்ந்தது கொழுந்தன். அவள் நேரே உள்ளே போனாள்.

வெங்கடபதி கண்ணாடி முன்னால் நின்று சின்னப் பிரஷ்ஷால் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இப்போதெல்லாம் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு எட்டிப் பார்க்கும். பங்காரம்மா முதல் இரண்டு கேள்வியைத் தெலுங்கிலேயே கேட்டாள். அவர் பாதி மீசையோடு திரும்பினார்.

"பிளேனுல வேல பாக்கற ஒரு புள்ள வந்தா. கைக்கொழந்தைக்காரி ஒருத்தி, கூட ஒரு பையன், ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்பல எடம் இல்லே. நீங்க முன்னால வந்து உக்காந்துக்கறீங்களா சார்னு எங்கிட்டத்தான் கேட்டா. இருக்கட்டும்மான்னு கையைக் காட்டினேன்."

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"கேட்ட ஒடனே எந்திரிச்சுப் போறதுக்கு நான் என்ன சோத்துக்குச் செத்தவனா? இன்னொரு தடவை கேப்பான்னு பாத்தேன். அவ கேக்கலே. சிரிச்சுப்போட்டு தம்பியப் பாத்துத் திரும்பினா. அவன் பையைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

பங்காரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு சீட்டை விட்டிருக்க மாட்டான். பந்தியில் முதல் தரம் கூப்பிட்டதும் உட்காராமல், இரண்டாம் தரம் கையைப் பிடித்து இழுத்த பிறகே உட்கார்ந்து பழகிய மனுஷன். ஆகாயத்தில் யார் கையைப் பிடித்து இழுப்பார்கள்?

அடைத்து வைத்திருந்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பையன் வழி நெடுக அவர் விலாவில் உதைத்தானாம். கைக்குழந்தை அவர் தோளில் கக்கியதாம். மூன்று தரம் கக்கூஸுக்குப் போகிற சாக்கில் எழுந்துபோய், நடுவில் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்தாராம். ஒவ்வொரு காலி சீட்டிலும் ஒரு தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்ததாம். தம்பி காலை நீட்டி, முன்னால் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தானாம்.

"வயிறு எரிஞ்சுது பங்காரு. கூடப்பொறந்தவன்தான். தூக்கி வளத்தவன்தான். அப்படியும் எரிஞ்சுது."

இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படி ஒன்றை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. போன கோபம் எங்கே போகும், மாடிப்படி ஏறிப் போயிற்று.

"சரி, நீங்க வேண்டாம்னீங்க. முன்னால அத்தனை சீட்டு காலியாக் கெடக்குதே, அண்ணன் பின்னால கஷ்டப்படறாரேன்னு உங்க தம்பி ஒரு தடவை எந்திரிச்சு வந்து கூப்பிட்டாரா?"

வெங்கடபதி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரஷ்ஷை மையில் தோய்த்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அது போதும் அவளுக்கு. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டே உத்தரவு போட்டாள். இன்றைக்கு ஐயர் மணையில் உட்காரச் சொல்வார். வாயே திறக்கக் கூடாது. இருக்கட்டும், பரவாயில்லை, தம்பி, கிம்பி ஒன்றும் வரக் கூடாது. சொன்ன உடனே உட்கார்ந்துபோடோணும். ஜெர்மனிக்குப் போய் வந்த பிறகு உங்கள் தம்பியும் அந்த விமானக்காரி மாதிரிதான், ஒரு தடவைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவர் மீசை கலையாமல் சத்தியம் செய்தார்.

சரவணம்பட்டியில் சுற்றிலும் அறுத்த சோளக்காடு, நடுவில் ஒரு சாமியானா. முப்பது பேருக்கு மேல் இருக்கும், பட்டறை ஆட்கள், சொந்தக்காரர்கள், பேங்க் மேனேஜர். ஃபோர்மேன் மாரப்பன் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தான். முன்வரிசையில் தம்பி ஜோடிக்கென்று இரண்டு நாற்காலி போட்டிருந்தது.

தம்பியின் வெள்ளை மாருதி முன்னாலேயே வந்து நின்றது. சௌதாமினி பச்சைப் பட்டில் இருந்தாள். கையில் அதே பை. ஐயர் தீப்பெட்டி கேட்டார். அவள் ஜிப்பை இழுத்து அதற்குள்ளிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். பை நன்னா இருக்கே என்று ஐயர் வேறு சொல்லிவைத்தார். பங்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கலசத்தைப் பார்த்தாள்.

பத்தரை ஆயிற்று.

"எஜமானர் தம்பதியா வந்து மணையில உக்காருங்கோ" என்றார் ஐயர்.

வெங்கடபதி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். பின்னால் பங்காரம்மா. மணைக்கு இரண்டடி தூரம். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முப்பது பேரைப் பார்த்ததும் சத்தியம், மீசை எல்லாம் மறந்து, அவர் வலது கை தானாக மேலே எழுந்தது.

"இருக்கட்டுங்க. தம்பி உக்காரட்டுமுங்க."



கேசவன் ஷூவைக் கழற்றினான். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, மணையை நோக்கி வந்தான். அவனுக்குப் பின்னால் சௌதாமினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓர் எட்டு வைத்தாள். பதினாலு சீட்டும் பங்காரம்மா கண் முன்னால் வந்தன. தலையணை, போர்வை, ஆரஞ்சுச் சாறு எல்லாம் வந்தன.

அவள் புருஷனைச் சுற்றிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்தாள். மெதுவாக அல்ல. மஞ்சள் பிள்ளையார் தட்டோடு ஆடினார். மனைவி தனியாக முதலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

கோபத்தில் தெலுங்குதான் வரும் அவளுக்கு. ஆனால் முப்பது பேருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பேசினாள்.

"மொதல்ல எந்திரிக்கிறவங்க போய் உக்காந்துக்கறதுக்கு இது ஒண்ணும் பிளேன் சீட்டு இல்லீங்க. அங்க ஒரு தடவை எடுத்துக்கிட்டது போதும்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, நான் ஒரு தடவைதான் கூப்பிடுவேன். வாங்க."

வெங்கடபதி வந்தார். பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கேசவன் நீட்டின கை நீட்டினபடியே நின்றான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, நான் உக்கார வரலீங்க. அண்ணனைக் கையைப் புடிச்சு உக்கார வெக்கத்தான் வந்தேன்."

பேங்க் மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். கேசவன் இரண்டு கையையும் சேர்த்து அண்ணனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்வாங்கினான். நேரம் தப்பிவிடப் போகிறது என்று ஐயர் அவசரமாக மஞ்சள் கயிற்றை எடுத்து இருவர் கையிலும் காப்புக் கட்டினார். இனி பூஜை முடிகிற வரைக்கும் மணையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

பங்காரம்மா நினைத்தது நடந்துவிட்டது. மணை அவர்களுக்குத்தான். ஆனால் கேசவன் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. இரண்டாவது தடவை கூப்பிட ஆள் வரத்தான் செய்தது. இவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நாயனக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். சௌதாமினி பூத்தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்து, நீலப் பையை எடுத்துப் பங்காரம்மா மடியில் வைத்தாள். நாயனச் சத்தத்தில் அவள் பேசியது பங்காரம்மாவுக்கும் வெங்கடபதிக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"பிளேனுல மூணு தடவை எந்திரிச்சு வந்து கூப்பிட்டிருக்காருங்கக்கா. நீங்க போய் முன்னால உக்காருங்கண்ணா, உங்க எடத்துல நான் இருந்துக்கறேன்னு. மாமா போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்துட்டுப் படுத்துட்டாராம். இந்தப் பையக்கூட, அண்ணிக்குக் குடுங்கண்ணான்னுதான் மாமா கையில குடுத்தாரு. இருக்கட்டும்னு திருப்பிக் குடுத்துட்டாராம்."

பங்காரம்மா மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

"நானும் யோக்கியம் இல்லீங்கக்கா. மணையில நீங்க உக்காரப் போறீங்கன்னு எனக்கும் எரிஞ்சுது. அதுக்காவத்தான் இதைக் கையில புடிச்சுட்டு மினுக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா நாங்க யாரு எடத்தையும் எடுத்துக்கலே."

அவள் கண்ணைத் துடைக்காமலே எழுந்து போனாள்.

பங்காரம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் அக்கினியைப் பார்த்தபடி இருந்தார். புகையில் கண்ணில் நீர் வந்து, மீசை மை ஓரத்தில் கரைந்து இறங்கியது.

"கூப்பிட்டாருங்களா?"

அவர் ஒரு கரண்டி நெய்யை ஊற்றினார்.

"கூப்பிட்டான்."

"அப்பறம் ஏனுங்க போகலே?"

"எனக்குன்னு வந்த சீட்டு. அதை அவன் எடுத்துக் குடுத்து நான் போய் உக்கார்றதா?" என்றார். சொல்லிவிட்டு அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அப்போது மாருதி கிளம்புகிற சத்தம் கேட்டது. மாரப்பன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு, ஏனுங்க, ஏனுங்க என்று பின்னாலேயே ஓடினான். பங்காரம்மா பாதி எழுந்தாள். ஐயர் அவள் கையிலிருந்த காப்பைக் காட்டி, உக்காருங்கோம்மா என்றார். அவள் உட்கார்ந்தாள்.

மடியில் நீலப் பை. எதிரே முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. கார் சத்தி ரோட்டில் ஏறி, வீடு இருக்கிற பக்கம் வராமல், அன்னூர்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.